புதிய தலைமை ஆசிரியருக்கு: பூட்டிக் கிடக்கும் ஸ்மார்ட் வகுப்பறையை ஓட வைக்கும் வழி

பதவி உயர்விலோ மாறுதலிலோ ஓர் அரசுப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராகப் போகிறீர்கள். அங்கே ஒரு ஸ்மார்ட் போர்டு இருக்கும். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் ஹைடெக் லேப் எனும் கணினி ஆய்வகமும் இருக்கும். பல இடங்களில் இரண்டு கதவிலும் பூட்டு தொங்கும். சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் பெயரைச் சொல்வார்கள். அவர் அன்றைக்கு விடுப்பில் இருப்பார்.

உடனே பயிற்சி வகுப்புக்கு ஏற்பாடு செய்துவிடாதீர்கள். பிளக் பாயின்ட், கடவுச்சொல், சாவி, உடைந்தால் யார் தலையில் விழும் என்ற பயம் ஆகிய நான்கும் தீராமல் கொடுக்கும் பயிற்சி அடுத்த வாரமே மறந்துபோகும். கீழே உள்ள வரிசை அதை வைத்துத்தான் அமைந்தது. ஜூனில் தொடங்கினால் காலாண்டுத் தேர்வுக்குள் எல்லாம் நடைமுறைக்கு வந்துவிடும். ஆண்டின் நடுவில் பொறுப்பேற்றாலும் வரிசையை மாற்ற வேண்டாம்.

1. கையெழுத்துக்கு முன் எண்ணுங்கள் (முதல் நாள்)

பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் ‘கணினி 10, யுபிஎஸ் 1, புரொஜெக்டர் 1’ என்று ஒற்றை வரியில் இருக்கும். அதில் அப்படியே கையெழுத்துப் போட்டால் இல்லாத பொருளும் உங்கள் கணக்கில் ஏறிவிடும். ஓய்வு பெறும் நேரத்தில் அதற்காக அலைய வேண்டி வரும்.

ஒவ்வொரு கருவிக்கும் தயாரிப்பு நிறுவனம், மாடல், தொடர் எண், வழங்கிய தேதி, உத்தரவாதம் முடியும் தேதி, இன்றைய நிலை ஆகிய ஆறு விவரங்களையும் எழுதுங்கள். நிலை என்ற இடத்தில் ‘நன்று’ என்று எழுதுவதில் பயனில்லை. ‘ஓடுகிறது’, ‘ஓடவில்லை’, ‘பொருள் இல்லை’ இவற்றில் ஒன்றை எழுதுங்கள். கருவியின் பின்புற ஸ்டிக்கரைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பழுதுக்கு அழைக்கும்போது முதலில் கேட்பது தொடர் எண்ணைத்தான். சுவரில் மாட்டிய போர்டின் பின்னால் அப்போது தலையை நுழைக்க முடியாது.

எண்ணும்போது தவறவிடுபவை சின்னப் பொருள்கள்: ரிமோட், தொடுபேனா, வைஃபை டாங்கிள், கம்பியில்லா விசைப்பலகை, போர்டுக்குள் செருகும் கணினிப் பெட்டி, மின்கம்பி. ரிமோட் இல்லாத ஒரே காரணத்தால் ஆண்டு முழுக்கத் தூங்கும் புரொஜெக்டர்கள் உண்டு. அதே மாடலுக்கான ரிமோட் 300 முதல் 600 ரூபாய்க்குக் கிடைக்கும்.

இருப்புப் பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் அதைப் பட்டியலிலேயே எழுதி, ஒப்படைப்பவர், ஏற்பவர் இருவரும் கையொப்பமிட வேண்டும். அந்த வாரத்துக்குள் வட்டாரக் கல்வி அலுவலருக்கோ மாவட்டக் கல்வி அலுவலருக்கோ கடிதமாகவும் அனுப்பி, நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். திருட்டு என்றால் காவல் நிலைய மனு ரசீது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதை வாங்கித் தருவது பழைய பொறுப்பாளரின் வேலை.

செத்துப்போன மானிட்டர்களைப் பழைய இரும்புக் கடைக்குப் போடக் கூடாது. 2022ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. முறைப்படி கழிவு செய்ய அனுமதி பெற்ற பிறகு, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். அதுவரை ஒரு மூலையில் அடுக்கி ‘கழிவுக்கு’ என்று எழுதி ஒட்டி வையுங்கள்.

ஒரு தொடக்கப் பள்ளிக்கு இந்த வேலை அரை நாள் பிடிக்கும். லேப் உள்ள பள்ளிக்கு முழு நாள் ஒதுக்குங்கள்.

2. கடவுச்சொற்களை மீட்டெடுங்கள் (முதல் வாரம்)

எமிஸ் தளத்துக்கான (மாணவர், ஆசிரியர் விவரங்களை ஏற்றும் மாநில அரசுத் தளம்) பள்ளிக் கணக்கு, யுடைஸ் (பள்ளிப் புள்ளிவிவரங்களைத் திரட்டும் மத்திய அரசுத் தளம்) கணக்கு, பள்ளி மின்னஞ்சல், லேப் சர்வர், ஸ்மார்ட் போர்டின் திரைப்பூட்டு, வைஃபை ரவுட்டர் ஆகியவற்றில் பாதியாவது முன்பிருந்தவரின் தலைக்குள்ளோ கைபேசிக்குள்ளோதான் இருக்கும்.

கடவுச்சொல் கையில் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அதை மாற்றும்போது ஓடிபி எந்த எண்ணுக்குப் போகிறது என்று பாருங்கள். மாறுதலில் போனவரின் எண்ணுக்குப் போனால், ஒருநாள் மாற்றுச் சான்றிதழ் கொடுக்க வேண்டிய அவசரத்தில் அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். எண்ணை மாற்ற வட்டார வள மையத்தில் கேளுங்கள். பணியேற்பு அறிக்கையின் நகலைக் கையில் கொண்டுபோனால் இரண்டாவது முறை போக வேண்டியிருக்காது. முடிந்தால் பள்ளியின் பெயரில் தனியாக ஒரு சிம் வாங்கி அந்த எண்ணையே எல்லா இடத்திலும் கொடுங்கள். பொறுப்பு மாறும்போது சிம்மும் கை மாறும்.

எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, பீரோவில் வையுங்கள். உறை இருப்பது உதவித் தலைமை ஆசிரியருக்கோ மூத்த ஆசிரியருக்கோ தெரிந்திருக்கட்டும். கணினியிலேயே மஞ்சள் தாளில் எழுதி ஒட்டும் பழக்கம் வேண்டாம். எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு அது இரண்டு நாளில் மனப்பாடமாகிவிடும்.

3. மின்சாரம் (இரண்டாம் வாரம்)

போர்டு கெட்டுவிட்டது என்று வரும் புகாரில் கணிசமானவை மின்சாரப் புகார்கள். நல்ல எலக்ட்ரீசியனை ஒரு நாள் கூப்பிட்டு மூன்றைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

முதலாவது எர்த். மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2, 3 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. 10, 20 என்று காட்டினால் எர்த் சரியில்லை என்று பொருள். தொட்டால் லேசாக அதிரும் கணினிப் பெட்டி, தானாகத் துள்ளும் தொடுதிரை எல்லாம் இதன் விளைவாக இருக்கலாம். புதிய எர்த் குழி போட 4,000 முதல் 8,000 ரூபாய் வரை ஆகும். பிள்ளைகள் தொடும் கருவி என்பதால் இந்தச் செலவைத் தள்ளிப் போடாதீர்கள்.

இரண்டாவது பிளக் பாயின்ட். மின்விசிறிக்குப் போகும் லைனில் இருந்து எக்ஸ்டென்ஷன் பெட்டி வழியாக இழுத்திருந்தால், தனி எம்சிபியோடு (சுமை மிகுந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) தனி லைன் போடச் சொல்லுங்கள். கம்பியோடு சேர்த்து 1,500 முதல் 3,000 ரூபாய்.

மூன்றாவது மின்தடைத் தாங்கல். இங்கேதான் பணம் வீணாகும். 65 அங்குலப் போர்டும் அதன் கணினிப் பெட்டியும் சேர்ந்து ஏறக்குறைய 250 வாட் இழுக்கும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு உள்ள 1 கேவிஏ யுபிஎஸ் இந்தச் சுமையை 20 நிமிடம் தாங்கினாலே பெரிது. பாடத்தை முடிக்க அது போதாது. சேமித்துவிட்டு முறையாக அணைக்கப் போதும். பாடம் முழுக்க ஓட வேண்டும் என்றால் 150 ஆம்பியர்-மணி பேட்டரியோடு இன்வெர்ட்டர் வேண்டும். புதிய பேட்டரி முழு சார்ஜில் நாலு மணி நேரம் தாங்கும். யுபிஎஸ் 4,000 முதல் 6,000 ரூபாய்க்கு வரும். இன்வெர்ட்டரும் பேட்டரியும் சேர்ந்து 20,000 ரூபாயைத் தாண்டும். உங்கள் ஊரில் வாரத்துக்கு ஒரு முறைதான் கரண்ட் போகிறது என்றால் சின்ன யுபிஎஸ்ஸோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை டிஸ்டில்ட் வாட்டர் அளவு பார்க்க வேண்டும். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் பேட்டரி போச்சு. இடி இடிக்கும் நாளில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் இணையக் கேபிளையும் கழற்றுங்கள்.

4. திரையும் சாக்பீஸும்

20க்கு 20 அடி வகுப்பறையில் கடைசி வரிசை திரையிலிருந்து ஐந்தரை மீட்டர் தள்ளி இருக்கும். திரையின் உயரத்தைப் போல ஆறு மடங்கு தூரம் வரைதான் எழுத்தைச் சிரமமின்றி வாசிக்க முடியும். 65 அங்குலத் திரையின் உயரம் சுமார் 81 செ.மீ. என்பதால் எல்லை ஐந்து மீட்டருக்குள் முடிந்துவிடும். 75 அங்குலம் என்றால் 93 செ.மீ., கடைசி வரிசைக்கு ஒட்டிப் போதும். எனவே 65 அங்குலப் போர்டு உள்ள அறையில் கடைசி வரிசையை முன்னுக்கு நகர்த்துங்கள், அல்லது ஒரு திரைக்கு ஏழு, எட்டு வரிக்கு மேல் வைக்க வேண்டாம் என்று ஆசிரியர்களிடம் சொல்லுங்கள். பாடப்புத்தகப் பக்கத்தை முழுதாகக் காட்டினால் கடைசி பெஞ்சுக்கு அது எறும்பு வரிசை. நீங்களே அங்கே போய் உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள்.

பல போர்டுகள் சட்டத்தின் ஓரத்தில் ஓடும் அகச்சிவப்புக் கதிர் மறிபடுவதை வைத்துத்தான் விரல் தொட்டதை அறிகின்றன. அந்த ஓரத்தில் சாக்பீஸ் தூள் படிந்தாலோ நேர் வெயில் விழுந்தாலோ யாரும் தொடாமலே கோடு விழும். பல்லி ஊர்ந்தாலும் அப்படித்தான். சேவைக்காரரை அழைப்பதற்கு முன் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் நான்கு ஓரத்தையும் துடைத்துப் பாருங்கள். கரும்பலகையும் போர்டும் அருகருகே இருந்தால் தினமும் துடைக்க வேண்டும். ஈரத் துணி கூடாது, ஸ்பிரிட் கூடவே கூடாது. வெள்ளைப் பலகை மார்க்கரை ஒரு தடவையாவது யாராவது போர்டில் எழுதிவிடுவார்கள். மார்க்கரை அந்த அறையிலேயே வைக்காதீர்கள்.

புரொஜெக்டர் என்றால் மாதம் ஒரு முறை தூசி வடிகட்டியைக் கழற்றித் தட்டுங்கள். பல்பு உள்ள வகையில் அணைத்ததும் விசிறி நிற்கும்வரை மெயின் சுவிட்சைத் தொடக் கூடாது. சூடு வெளியேறாமல் பல்பின் ஆயுள் குறையும்.

5. இணையம் இல்லை என்றே திட்டமிடுங்கள்

பள்ளியில் பிராட்பேண்ட் இருந்தாலும், பாடம் நடத்தும் நேரத்தில் அது இருக்காது என்று வைத்துக்கொண்டு தயாராவதே நல்லது. 720பி தரத்தில் ஒரு மணி நேரக் காணொளி ஒரு ஜிபிக்கு மேல் தரவு தின்னும். நாளைக்கு ஒன்றரை ஜிபி கிடைக்கும் ஆசிரியரின் சொந்தக் கைபேசியை ஹாட்ஸ்பாட் ஆக்கினால் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். அவர் இரண்டு முறை செய்வார், மூன்றாவது முறை செய்யமாட்டார். அதில் தவறும் இல்லை.

பாடப்புத்தகத்தில் உள்ள க்யூஆர் குறியீட்டின் பாடங்களை அரசின் தீக்ஷா பாடச் செயலியில் முன்கூட்டியே இறக்கி வைக்கலாம். வெள்ளிக்கிழமை மாலை அடுத்த வாரத்துக்கானதை இறக்குவது என்று ஒரு நேரத்தை வையுங்கள். 64 ஜிபி பென் டிரைவ் இரண்டு வாங்கி (ஒன்று 400 முதல் 600 ரூபாய்), வகுப்பு, பாடம், அலகு என்று கோப்புறை பிரித்து, ஒன்றைப் போர்டிலும் மற்றதைப் பீரோவிலும் வையுங்கள். சொந்தப் பென் டிரைவ்களைச் செருகும் வழக்கத்தை நிறுத்தினால் வைரஸ் தொல்லை பெருமளவு குறையும்.

பழைய வினாத்தாள்கள் பல வானவில், பாமினி எழுத்துருவில் இருக்கும். போர்டில் திறந்தால் கட்டம் கட்டமாகவோ ஆங்கில எழுத்துக் குவியலாகவோ தெரியும். தட்டச்சு செய்த கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுவரச் சொல்லுங்கள். புதிதாகத் தட்டச்சு செய்வது எல்லாம் யூனிகோடில் இருக்கட்டும்.

6. கால அட்டவணை

ஒரு நாளைக்கு 8 பாடவேளை என்றால் வாரத்துக்கு 40. பத்துப் பிரிவுகள் உள்ள பள்ளியில் ஒரு ஸ்மார்ட் அறையைப் பங்கிட்டால் பிரிவுக்கு 4 வேளை வருகிறது. தாளில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் 40 நிமிட வேளையில் வரிசையாக வர 6 நிமிடம், போர்டு உயிர்பெற 3 நிமிடம், திரும்பிப் போக 5 நிமிடம் என்று 14 நிமிடம் கரையும்.

அதனால் ஒரு பிரிவுக்கு அடுத்தடுத்த இரண்டு வேளையாகக் கொடுங்கள். காலை வணக்கத்துக்குப் பின் முதல் வேளையிலோ மதிய உணவுக்குப் பின் முதல் வேளையிலோ தொடங்கினால் பிள்ளைகள் நேராக அந்த அறைக்கே வந்துவிடுவார்கள். வாரத்தில் நான்கு வேளையைக் காலியாக விடுங்கள். கரண்ட் போனவர், பழுதால் இழந்தவர் அதில் ஈடுகட்டிக்கொள்வார். லேப் உள்ள பள்ளியில் மதிப்பீட்டுத் தேர்வுக்கு லேப் போய்விடும் நாட்களும் வரும்.

இரண்டு வேளையும் திரையே ஓட வேண்டாம். 40 நிமிடத்தில் 10, 12 நிமிடத்துக்கு மேல் காணொளி ஓடினால் அது வகுப்பு இல்லை, சினிமாக் கொட்டகை.

7. ஆசிரியர்களைப் பழக்குதல் (இரண்டாம், மூன்றாம் மாதம்)

தலைமைப் பொறுப்பின் கடினமான பகுதி இதுதான். வழக்கமாக நடக்கும் தவறு: கைபேசியில் கெட்டிக்காரரான இளைய ஆசிரியர் ஒருவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைப்பது. ஆறு மாதத்தில் எமிஸ் பதிவேற்றம், போர்டு, பிரிண்டர், அலுவலகக் கடிதம் எல்லாம் அவர் தலையில் விழுந்து, பாடம் நடத்த அவருக்கே நேரம் இருக்காது. அடுத்த கலந்தாய்வில் அவர் மாறுதல் வாங்கிப் போனால் பள்ளி பழையபடி பூட்டுக்குத் திரும்பும். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேரை வையுங்கள். அதில் ஒருவர் 45 வயதைத் தாண்டியவராக இருக்கட்டும். அவர் கற்றுக்கொண்டால் மற்ற மூத்தவர்களின் தயக்கம் தானாகக் குறையும்.

முழுநாள் பயிற்சி வேண்டாம். வாரம் ஒரு நாள், பள்ளி முடிந்து 20 நிமிடம், ஒரே ஒரு செயல். இந்த வரிசை நன்றாக வேலை செய்யும்:

முதல் வாரம்: போடுவதும் முறையாக அணைப்பதும். ஒவ்வொருவரும் தம் கையால் செய்ய வேண்டும்.
இரண்டாம் வாரம்: பென் டிரைவிலிருந்து பிடிஎஃப் திறந்து பெரிதாக்குவது.
மூன்றாம் வாரம்: அதன் மேலேயே எழுதுவது, அழிப்பது, சேமிப்பது.
நான்காம் வாரம்: காணொளியை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பது.

கைபேசித் திரையைப் போர்டில் காட்டுவது, வினாடி வினாச் செயலிகள் எல்லாம் இதற்குப் பிறகு. காட்டுபவர் விரல் வைக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பதைக் கண்டிப்பாக வையுங்கள். ‘இங்கே கொடுங்க சார், நான் போட்டுத் தரேன்’ என்ற உதவியால்தான் பலர் பத்தாண்டாகக் கற்றுக்கொள்ளாமலே இருக்கிறார்கள்.

இன்னும் இரண்டு வேலை உங்களுடையது. முதல் மாதத்திலேயே ஒரு பாடத்தை நீங்கள் போர்டில் நடத்தி, விருப்பமுள்ளவர்களைப் பின்னால் உட்காரச் சொல்லுங்கள். தடுமாறினால் தடுமாறட்டும், தலைமை ஆசிரியரே மாணவரைக் கேட்டுச் சரிசெய்கிறார் என்பதைப் பார்த்தால் மற்றவர்களுக்குத் தைரியம் வரும். இரண்டாவது, ஆசிரியர் கூட்டத்தில் சொல்லிக் குறிப்பேட்டிலும் எழுதுங்கள்: பாடம் நடத்தும்போது ஏற்படும் பழுதுக்கு ஆசிரியர் பணம் கட்ட வேண்டியதில்லை, பழுதை அன்றே சொல்லாமல் மறைப்பதுதான் குற்றம். இந்த வாக்கியம் இல்லாத பள்ளியில் எந்தப் பயிற்சியும் எடுபடாது.

8. பயன்பாட்டுப் பதிவேடும் பழுதும்

அறைக்குள் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கட்டும். தேதி, வேளை, வகுப்பு, ஆசிரியர், போட்டபோது நிலை, அணைத்தபோது நிலை என்று ஆறு கட்டம். இதைக் கொண்டு யார் எத்தனை மணி நேரம் பயன்படுத்தினார் என்று கணக்குக் கேட்கத் தொடங்கினால் மறுவாரமே பொய்க் கணக்கு எழுதப்படும். பழுது எப்போது தொடங்கியது என்று கண்டுபிடிக்க மட்டும் வையுங்கள்.

உத்தரவாதக் காலத்தில் உள்ளூர் மெக்கானிக் ஒரு திருகைக் கழற்றினாலும் உத்தரவாதம் போய்விடலாம். வழங்கிய நிறுவனத்தின் உதவி எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் யாரும் வராவிட்டால் புகார் எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் நினைவூட்டுங்கள், நகல் மேல் அலுவலகத்துக்குப் போகட்டும். வந்தவர் பொருளை எடுத்துச் சென்றால், தொடர் எண் எழுதிய ரசீது இல்லாமல் வாசலைத் தாண்ட விடாதீர்கள்.

9. பணம்

கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். எர்த், லைன், இன்வெர்ட்டர் செலவுகளைக் குழுவின் கூட்டத்தில் தீர்மானமாக்குங்கள். ‘பராமரிப்புச் செலவு’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல் பொருள், எண்ணிக்கை, உத்தேசத் தொகை மூன்றையும் எழுதினால் தணிக்கையில் கேள்வி வராது. மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்குங்கள். ஜிஎஸ்டி சேர்ந்த விலையா, பொருத்தும் கூலி உண்டா என்று எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் மலிவாகத் தெரிந்தது கடைசியில் கூடுதலாகிவிடும். தீர்மானத் தேதி, விலைப்புள்ளித் தேதி, பில் தேதி இந்த வரிசையில் இருக்க வேண்டும். பொருளை வாங்கிவிட்டுத் தீர்மானம் எழுதுவதுதான் அதிகம் பேர் மாட்டும் இடம்.

மார்ச் 31இல் நிதியாண்டு முடியும். பிப்ரவரிக்குள் பில்லைத் தீர்த்துவிடுங்கள். முன்னாள் மாணவரோ ஊர்க்காரரோ கருவி வாங்கித் தந்தால் நன்றிக் கடிதத்தோடு நிற்காமல், பில் நகல் வாங்கி அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள். உத்தரவாதம் பில்லில்தான் இருக்கிறது.

10. எமிஸ் வேலைக்கு வேலி

வருகைப்பதிவைக் காலையிலேயே முடித்துவிட்டால் மற்றவற்றை நாளுக்கு ஒரே வேளையில் அடக்கலாம். வேறு பள்ளிக்குப் போகும் குழந்தையின் பதிவை எமிஸில் பொதுத் தொகுப்புக்கு (புதிய பள்ளி எடுத்துக்கொள்ளும் பொதுப் பட்டியல்) விடாமல் சான்றிதழை மட்டும் கொடுத்து அனுப்பினால், புதிய பள்ளியில் சேர்க்க முடியாமல் பெற்றோர் திரும்பி வருவார்கள். இரண்டையும் ஒரே அமர்வில் செய்யுங்கள். யுடைஸுக்கு ஒரு குறிப்பிட்ட தேதியின் நிலவரத்தைத்தான் கேட்பார்கள். அன்று மாலை மாணவர் எண்ணிக்கை, ஓடும் கணினி எண்ணிக்கை இரண்டையும் தாளில் எழுதி வைத்தால் பிறகு தேட வேண்டாம்.

குழந்தைகளின் ஆதார் நகல், மதிப்பெண், முகம் தெரியும் படம் எதையும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லாரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோர் இசைவைக் கேட்கிறது. சேர்க்கைப் படிவத்தோடு ஓர் இசைவுத் தாளையும் வாங்கி வைத்துவிடுங்கள்.

11. மே மாதம் மூடும் முன்

இன்வெர்ட்டர் பேட்டரியை முழுதாக சார்ஜ் ஏற்றிவிட்டுச் சுமையைக் கழற்றுங்கள். காலியாகக் கிடந்தால் இரண்டு மாதத்தில் செத்துவிடும். இடையில் ஒருநாள் வந்து மறுபடி சார்ஜ் போட ஆள் குறித்து வையுங்கள். போர்டை மூடுவதற்குப் பிளாஸ்டிக் தாளைவிடப் பழைய பருத்திப் புடவை நல்லது, ஈரம் தங்காது. கம்பி நுழையும் துளைகளை அடைக்காவிட்டால் ஜூனில் எலி கடித்த கேபிளோடுதான் தொடங்குவீர்கள். ரிமோட்டின் செல்களைக் கழற்றுங்கள், கசிந்து கெடுக்கும். சாவி மூன்று: ஒன்று உங்களிடம், ஒன்று மூத்த ஆசிரியரிடம், ஒன்று பீரோவில் அந்தக் கடவுச்சொல் உறைக்குப் பக்கத்தில்.